மகிழினி தொட்டால்தான் ஓடும்

கொக்குமடையில் தவசிக்கனி, பூவலிங்கம், சங்கிலி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே அறிவுதான் என்பது ஊர்ப்பேச்சு. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

மூத்தவன் தவசிக்கனியின் மகள் மகிழினிக்கு இரண்டு வயது. போனில் பாட்டு ஓடாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்காது. டாக்டரம்மா கண்டித்து அனுப்பியிருந்தார்.

மறுநாள் அவன் மனைவி ஜெயக்கொடி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "என்னங்க, இனிமே போனைத் தொடவே கூடாது. போன்ல என்ன வருதோ, அதை நீங்களே ஆடிக் காட்டி ஊட்டுங்க. நான் வரும்போது கிண்ணம் காலியா இருக்கணும். இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் போனதும் தவசிக்கனி தம்பிகளைக் கூப்பிட்டான்.

"யானைப் பாட்டு ஆடுவோம்ணே," என்றான் சங்கிலி.

"எடுத்தவுடனே பாட்டு வருமாடா? முதல்ல விளம்பரம்," என்றான் தவசிக்கனி.

பூவலிங்கம் சோப்புக்கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இளித்தான். மகிழினி அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள். விளம்பரம் போய்விட்டது.

யானைப் பாட்டு களைகட்டியது. திடீரென்று சங்கிலி நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தான்.

"ஏன்டா சுத்துற?"

"நம்ம ஊர்ல என்னைக்குண்ணே சிக்னல் ஒழுங்கா இருந்திருக்கு?"

தவசிக்கனிக்கு நியாயமாகத்தான் பட்டது. காத்திருந்தார்கள். சிக்னல் வந்ததும் பாட்டு தொடர்ந்தது. மகிழினி கைகொட்டிச் சிரித்து, ஆவென்று வாயைத் திறந்தாள். ஒற்றைக்கால் யானையாக நின்ற தவசிக்கனி முதல் கவளத்தை உருட்டினான். அந்தச் சந்தோஷத்தில் அவள் அப்பாவின் முழங்காலில் பட்டென்று ஒரு தட்டு தட்டினாள்.

மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பாட்டை நிறுத்திட்டா," என்றான் பூவலிங்கம், உதடு அசையாமல். "நீ ஊட்டலாமேண்ணே?"

"நானும் போனுக்குள்ளதான்டா இருக்கேன். அவ மறுபடியும் தட்டணும். பேசாத, நின்ன போன் பேசுமா?"

மகிழினி வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றாள். கடைசிப் பருக்கையைத் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெயக்கொடி வந்தாள். காலிக் கிண்ணத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "எப்படிங்க சாப்பிட வச்சீங்க?"

அப்போதும் மூன்று யானைகளும் தும்பிக்கையைத் தூக்கியபடி நின்றன.

"என்ன, மூணு பேருக்கும் சார்ஜ் போயிடுச்சா?"

கேட்டதும் மகிழினி உள்ளே ஓடினாள். சார்ஜர் வயரை இழுத்து வந்து, எக்கி நின்று, அதன் நுனியை அப்பாவின் தொப்புளில் செருகினாள்.

தவசிக்கனிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மறுமுனையைச் சுவரில் செருகி ஸ்விட்சைப் போட்டால்தானே ஏறும்? அதை அவளிடம் யார் சொல்வது?