உடும்பு உருவிய குச்சிகள்

பறவையும் உடும்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரைக் கருவேல மரத்தில் ஒரு குருவி நான்கு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டி என்ற பெயர் அவளுக்கு அப்போது இல்லை. கத்தவும் தெரியாது.

அந்த ஏரிக்குச் சட்டம் சின்னதுதான். கூட்டுக்குள் இருப்பதை யாரும் தொடக்கூடாது; கீழே விழுந்தது எடுத்தவருக்குச் சொந்தம்.

ஒரு நாள் காலையில் உடும்பு மரமேறி வந்து, தங்கச்சி சௌக்கியமா என்று விசாரித்தது. முட்டைகளின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. போகும்போது கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியை உருவிக்கொண்டு போனது. மறுநாளும் அதே விசாரிப்பு, இன்னொரு குச்சி.

“ஒரு குச்சிக்குப் போய் இத்தனை சந்தேகமா? அவர் முட்டையைப் பார்க்கிறதே இல்லையே,” என்றான் அவள் புருஷன்.

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

ஐந்தாம் நாள் கூட்டின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. இன்னும் இரண்டு குச்சி போனால் முட்டை கீழே. பதறிப்போய், கரையோரம் நின்ற நாரையிடம் பறந்தாள். சட்டம் சொல்வது அவர்தான். கூட்டுக்குள் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள்.

“அப்படின்னா சட்டப்படி அவன் மேல தப்பில்லம்மா.”

“சட்டப்படி இல்ல, சரி. நியாயப்படி?”

“அது என் வேலை இல்ல,” என்று நாரை காலை மாற்றி நின்றார்.

வீட்டுக்கு வந்தவள், முட்டைகளை ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து இறக்கி, கரையின் சரளைக்கல் நடுவே வைத்தாள். புருஷன் ஏன் என்று கேட்காமல் கூடவே வந்தான்.

மறுநாள் காலி கூட்டைப் பார்த்த உடும்பு நேரே அங்கே வந்தது. “கூட்டுக்குள்ள இல்லையே தங்கச்சி. அப்ப எனக்குத்தானே?”

“விழவும் இல்லையே அண்ணே. விழுந்திருந்தா உடைஞ்சிருக்கும். இது நானே வச்சது.”

இரண்டு பேரும் நாரையைப் பார்த்தார்கள். இதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் மீனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

உடும்பு மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தது. அவ்வளவுதான். அவள் உடும்பின் தலைக்கு மேலே எழும்பி, பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தைப் போட்டாள். தவளை, ஆமை, நரி, எல்லாரும் தலையைத் தூக்கி உடும்பைப் பார்த்தார்கள். இத்தனை நாள் நல்லவனாகவே நடந்து பழகிய உடும்பு, யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே புதருக்குள் போய்விட்டது. போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

அந்தப் பார்வையை அவள் மறக்கவில்லை. அன்று தொட்டுத்தான் ஆள்காட்டி கூடு கட்டுவதை விட்டாள். வெறுந்தரையில் முட்டை வைத்துவிட்டு, உடும்பு வந்தாலும், நீங்கள் வந்தாலும், பாவம், ஒன்றும் அறியாத பசுமாடு வந்தாலும், ஊரெல்லாம் பார்க்கும்படி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறாள்.