ஈரக்கால் சபை

குமிழி ஏரியின் கோரைப்புதருக்குள் ஒரு நீர்க்கோழி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. கூட்டைச் சுற்றி நல்ல ஆழம். நரி கரையில் நின்று எட்டிப் பார்க்கும், சப்புக்கொட்டும், திரும்பிப் போகும். அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒவ்வொரு மழைக்கும் ஏரிக்குள் சேறு வந்து விழுந்தது. ஆழம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், கூட்டுக்குப் பக்கத்துச் சேற்றில் நரியின் கால்தடம்! நீர்க்கோழிக்கு இரை இறங்கவில்லை.

"ஏரி தூர்ந்துகிட்டு வருது! என் முட்டையெல்லாம் போகப்போகுது!" என்று ஏரிவாசிகளின் சபையில் போய் முறையிட்டது.

அந்த ஏரிச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கால் ஈரமாக இருப்பவர்தான் அங்கே பேசலாம். தலைவர் ஆமை காலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் யாரையும் வாய் திறக்கவிடும். நரி என்ன செய்யும் தெரியுமா? ஒரே ஒரு முன்னங்காலை நனைத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

"சேறு வந்தா அள்ளிப் போடுவோம். இதுக்குப் போய் அழலாமா அம்மா?" என்றது நரி, ரொம்ப அக்கறையாக.

எல்லாரும் அள்ளினார்கள். கொக்கு அலகால் அள்ளியது. நண்டு கொடுக்கால் அள்ளியது. தவளைகள் அள்ளியதைவிடக் கத்தியது அதிகம். கரையில் சேறு மேடாகக் குவிந்தது. அடுத்த மழை வந்தது. ஏரியில் பழையபடி சேறு நிறைந்துவிட்டது.

மறுநாள் மலைச்சரிவிலிருந்து ஒரு முயல் மூச்சு வாங்க ஓடிவந்தது.

"ஐயா, இங்கே அள்ளி என்ன பிரயோஜனம்? மேலே வந்து..."

"நிறுத்து!" நரி துள்ளி எழுந்தது. "தலைவரே, அவன் காலைப் பாருங்க! காய்ஞ்ச கால்!"

ஆமை தொட்டுப் பார்த்தது. "ஈரம் இல்லையே தம்பி. நனைச்சுக்கிட்டு வா."

நனைக்கலாம் என்றால் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றுகொண்டது நரி, பல் தெரிய. முயல் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி நடந்தது.

நீர்க்கோழி முயலின் பாதத்தையே பார்த்தது. செம்மண் ஒட்டியிருந்தது. ஏரி மண்ணோ கறுப்பு. கூட்டைச் சுற்றி வந்து விழுந்த சேறு? அதுவும் சிவப்புதான்!

"கொக்கண்ணே, கூட்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன். மீன் வந்தா மட்டும் திரும்பிக்குவேன்."

முயலோடு ஓடை வழியே மேலே போனது நீர்க்கோழி. சரிவு முழுக்கக் காட்டுப்பன்றிகள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த வெட்டிவேர்ப் புதர்களெல்லாம் வேரோடு பெயர்ந்து கிடந்தன.

"யாரைக் கேட்டு இப்படிக் கிளறுறீங்க?"

பெரிய பன்றி வாயில் கிழங்கோடு நிமிர்ந்தது. "நரியண்ணன்தான் சொன்னாரு. ஏரிச் சபைக்கு மண்ணு வேணுமாமே? உங்களுக்கும் உதவியாச்சு, எங்களுக்கும் கிழங்காச்சு."

"எங்களுக்கு மண்ணு வேண்டாம்! வெயில்காலத்துல நீங்க எங்கே வந்து புரளுறீங்க?"

"உங்க ஏரியிலதான்."

"அது தூர்ந்துட்டா?"

பன்றி மெல்லுவதை நிறுத்தியது. யோசித்தது. "நீ ஒருத்தி சொல்றே. அவரு சபை பேரைச் சொல்லிச் சொன்னாரு. சபையே வந்து சொல்லட்டும், விட்டுடறோம்."

பன்றிகள் சபையையே வரச்சொன்னதை நீர்க்கோழி வந்து சொன்னதும் நரி விழுந்து விழுந்து சிரித்தது. "சபை மலை ஏறுறதா? காய்ஞ்ச காலுக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்?"

"தலைவரே, மழைத்தண்ணி எங்கேயிருந்து இறங்கி வருது?" என்று கேட்டது நீர்க்கோழி.

"மலையிலேருந்துதான்."

"அப்போ நம்ம காலை நனைக்கிறதுக்கு முன்னாடி அது யார் காலை நனைச்சுட்டு வருது?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டி, "மலையில இருக்கறவங்க நமக்கு முன்னாலேயே ஈரக்கால்காரங்க," என்றது. "எல்லாரும் கிளம்புங்க!"

நரி மட்டும் கிளம்பவில்லை. காலில் முள் குத்திவிட்டதாம்.

சபை மேலே போய்ச் சேர்ந்தது. "நாங்க யாரும் மண்ணு கேக்கலை. தோண்டினது போதும்," என்றது ஆமை. பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அப்போ நரியண்ணன் எங்கே?" என்றது பெரிய பன்றி.

நீர்க்கோழிக்குக் காவலில்லாத கூட்டின் நினைவு வந்தது. பறந்தும் ஓடியும் கீழே பாய்ந்தது. பின்னாலேயே பன்றிக்கூட்டமும் முயலும்.

நரி கூட்டை எட்டிவிட்டிருந்தது. ஒரு முட்டை உடைந்திருந்தது. அடுத்ததை எடுக்கப் போனபோது சேறு அதை வயிறு வரை இழுத்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"மண்ணு போதுமா அண்ணே, இன்னும் வேணுமா?" என்றது பெரிய பன்றி.

நரி காலை உருவப் பார்த்தது.

"பேசுங்கண்ணே!" என்றது முயல் கரையிலிருந்து. "இன்னிக்கு நாலு காலும் ஈரமாத்தானே இருக்கு?"

பன்றிகள் நரியை முட்டித் தள்ளிக் காட்டைவிட்டே துரத்தின. பிறகு சமவெளியில் கிழங்கு தோண்டப் போய்விட்டன. முயல்கள் வெட்டிவேரைத் திரும்ப ஊன்றின. கொக்கும் நண்டும் மேலே போய்ச் சேர்ந்து உழைத்தன. ஒரே மழையில் ஏரி தெளிந்துவிடவில்லை. தூர்ந்த மூலை தூர்ந்தபடியே கிடக்கிறது. உடைந்த முட்டையும் உடைந்ததுதான். ஆனால் மிச்ச முட்டைகள் பொரிந்தன, குஞ்சுகள் நீந்தின.

ஏரியைக் காக்க நினைப்பவர்கள் கரையோடு நின்றுவிடாமல், தண்ணீர் வரும் வழியெல்லாம் போய் அங்கே இருப்பவர்களின் பேச்சையும் கேட்டு அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.