கீழ்க் கீலின் வாஷர்

ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை. அதனால் சங்கிலி செத்தான்.

மலையடி மடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவன் சங்கிலி. சர்க்கரை நோய்க்காரன். இரண்டு வேளை இன்சுலின் ஊசி; மருந்து மடத்து ஃபிரிட்ஜில் இருக்கும். போடுகிறவள் அவன் மனைவி சொர்ணம். மடத்துச் சமையலும் அவள்தான்.

கதவைக் கழற்றி மாட்டியவர் சீடர் நல்லபெருமாள். மடத்துக் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருடம் பஞ்சாலையில் ஃபிட்டர்.

ஃபிரிட்ஜை மடைப்பள்ளிக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாசல் குறுகல். அன்று திங்கட்கிழமை. அந்த மடத்தில் திங்கள் என்றால் விடிகாலை மணியிலிருந்து அந்தி மணி வரை ஒருவரும் பேசக்கூடாது.

நல்லபெருமாள் பிளக்கைப் பிடுங்கினார். மேல் கீலைக் கழற்றினார். கதவைப் பிடிக்கச் சொர்ணம் வந்தாள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டுத் தனியாகத் தூக்கினார். கதவின் அடியில் ஒட்டியிருந்த வாஷர் ஒன்று விழுந்து உருண்டது. அவர் பார்க்கவில்லை.

உள்ளே கொண்டுபோய் மாட்டி முடித்தபோது சொர்ணம் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மறுபடி கழற்ற அவருக்கு அலுப்பு. தேவையில்லை என்று தலையை ஆட்டினார். அவள் வாய் திறக்க முடியாது. முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் கேட்டிருக்கலாம். மில்லில் இருந்தவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

கதவு ஒரு நூல் தாழ்ந்தது. கதவு விளிம்பு ரப்பர் மேலே ஒட்டவில்லை. வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மோட்டார் இரவும் பகலும் ஓடியது. நல்ல மிஷின் என்றார்கள். மேல்தட்டில் ஐஸ் கட்டி இறங்கி, அதன் அடியில் இருந்த இன்சுலின் உறைந்தது. உறைந்த இன்சுலின் உதவாது. சொர்ணம் அட்டைப் பெட்டியோடு எடுத்து, குளிர் போகட்டும் என்று வெளியே வைத்துவிட்டுத்தான் ஊசி போடுவாள். அதற்குள் உருகிவிடும். அவளுக்கு எப்படித் தெரியும்.

சங்கிலி தாகம் என்றான். வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது.

பிரதோஷத்துப் பாயசம்தான் கொன்றது என்றது ஊர். "நாந்தான் ஊத்திக் கொடுத்தேன்" என்று சொர்ணமே எல்லோரிடமும் சொன்னாள்.

பதினாறு கழிந்து அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். அந்த ஞாயிறு விடியலில் ஃபிரிட்ஜில் பால் எடுக்கப் போன நல்லபெருமாள் சங்கிலியின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மருந்து உறைந்து கல்லாக இருந்தது. உறைய விடக்கூடாது என்று பெட்டியில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

மறுநாள் இருட்டோடு குருவிடம் போனார். எல்லாம் சொன்னார்.

"எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையில சாமி."

"சொர்ணத்துக்கு?"

"தெரியாது."

"நேத்து மத்தியானம் உமக்குச் சோறு போட்டது யாரு?"

"அவதான்."

"சாப்பிட்டீரோ?"

"சாப்பிட்டேன்."

"மறு சோறு?"

"வாங்கினேன்."

குரு வெற்றிலையைத் துப்பினார்.

"பிராயச்சித்தம் சொல்லுங்க சாமி. ராமேஸ்வரம் போகட்டா? பட்டினி கிடக்கட்டா?"

"கதவு இன்னும் அப்படியேதான் தொங்குதா?"

"ஆமா."

"போய்ச் சரி பண்ணும்."

"வாஷர் வேணுமே. கடை திறந்ததும் வாங்கிட்டு வந்துருதேன்."

"கடை வாஷர் வேண்டாம். விழுந்த வாஷர் வேணும்."

"அது அவகிட்டல்லா இருக்கு."

"கேளும். எதுக்குன்னும் சொல்லும்."

நல்லபெருமாள் கிழக்கே பார்த்தார். வெளுத்துக்கொண்டு வந்தது.

"திங்கக்கிழமையாச்சே சாமி. இப்ப மணி அடிச்சிரும். நாளைக்குச் சொல்லிருதேன்."

குரு எழுந்து மணி மண்டபத்துக்குப் போனார். மணிக்குள் கையை விட்டு அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அடிக்காது. என் கை வலிக்கும். சீக்கிரம் போம்."

சூரியன் வந்துவிட்டது. மணி அடிக்கவில்லை.

சொர்ணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நல்லபெருமாள் நின்றபடியே சொன்னார். வாஷர், கதவு, ஐஸ், மருந்து. ஒன்றையும் விடவில்லை.

"அப்ப பாயசம் இல்லையா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"அரைத் தம்ளர்தான் கொடுத்தேன்."

"அது இல்லம்மா."

களைந்த தண்ணீரை அவள் முழுதும் வடித்தாள். பிறகு, சில்லறையோடு சேலைக்குச் சேலை மாறி வந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வாஷரை மேடைமேல் வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை.

"பிளக்கைப் பிடுங்குங்க. கதவை நான் பிடிக்கிதேன்."

"கனமா இருக்கும்மா."

"தெரியும்."

மேல் கீல் கழன்றது. கதவை அவள் தூக்கி நின்றாள். அவர் குனிந்து கீழ்க் கீலின் ஊசியில் வாஷரைப் போட்டார். அவள் கதவை அதன்மேல் இறக்கி, சாயாமல் பிடித்தாள். போல்ட் அவர் கையிலிருந்து இரண்டு முறை விழுந்தது. அவள் அசையவில்லை.

ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தினார். தாளை இழுத்தார். வரவில்லை.

"மேலேயும் பாருங்க" என்றாள்.

மேலேயும் வரவில்லை.

அவளே மண்டபத்துக்குப் போய், "விடுங்க சாமி" என்றாள். மணி அடித்தது.

ஐஸ் உருகி வடிந்தபின் பிளக்கைச் செருகினார். அந்திக்குச் சற்று முன் மோட்டார் தானாக நின்றது. அது நின்றது மடம் முழுக்கக் கேட்டது.

அந்தி மணி ஓய்ந்ததும் நல்லபெருமாள் குருவிடம் வந்தார். குரு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணிட்டேன் சாமி."

"நீர் போல்ட்டை முடுக்கினீர்" என்றார் குரு. "சரி பண்ணினது சொர்ணம்."