முள்ளைக் கவ்விய அலகுகள்

காட்டோரத்துக் குட்டைக் கரையில் ஒரு புங்கமரம். அதில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. பார்க்க அழகில்லாத பறவைகள். மண்ணின் நிறம், கலைந்த இறகு, ஓயாத சத்தம். ஆனால் அவற்றிடம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாக் குருவிகளும் மரத்தடியில் சருகைக் கிளறி மேயும்போது ஒன்று மட்டும் பசியோடு உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும். ஆபத்து தெரிந்தால் அது கத்தும். உடனே அத்தனையும் சேர்ந்து கத்தும். அந்தக் கூச்சலில் சாரைப்பாம்புகூட வந்த வழியே திரும்பிவிடும்.

பொழுது சாய்ந்ததும் எல்லாம் ஒரே கிளையில் விலாவோடு விலா ஒட்டி உட்காரும். ஒவ்வொன்றுக்கும் அதன் அலகு எட்டாத கழுத்தில் பக்கத்துக் குருவி பேன் எடுத்துவிடும்.

தும்பை அந்தக் கூட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மழை விட்ட ஒரு காலையில் அவள் கணவன் கடுகனை வல்லூறு அடித்துக்கொண்டு போனது. சருகின் மேல் சில இறகுகள் கிடந்தன. அவ்வளவுதான்.

அன்று காவல் கடுகனின் தம்பி சருகனுடையது. ஈரமண்ணிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்ததும் நாக்கு ஊற அவன் கீழே இறங்கிவிட்டான். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

“காலம் கெட்டுப்போச்சு!” என்றது ஒரு குருவி.

“வல்லூறுக்குத் துணிச்சல் கூடிப்போச்சு!” என்றது மற்றொன்று.

சருகன் எல்லாரையும்விட உரக்க அழுதான்.

தும்பைக்கு அழுகை வரவில்லை. சரியாகப் பறக்கத் தெரியாத அவள் குஞ்சு பொட்டு அவள் இறகுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். இவனாவது எனக்கு மிஞ்சவேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கீச்சான் வந்தான். கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய பறவை. எதிர்க்கரைக் கருவேலமரத்தில் அவன் வீடு. வெட்டுக்கிளிகளையும் ஓணான்குட்டிகளையும் உயிரோடு முள்ளில் குத்தி வைத்துச் சாவகாசமாகத் தின்பவன்.

“ஐயோ பாவம்!” என்று அவன் தலையை ஆட்டினான். “எவ்வளவு நல்ல மனுசன் கடுகன்! வெறும் அலகோட இருந்தா இந்தக் காட்டுல பிழைக்க முடியுமா?”

அவன் ஒரு கட்டு முள்ளைக் கிளையில் வைத்து, ஒன்றை உருவிக் காட்டினான். கருவேலமுள். நுனி கறுத்திருந்தது.

“எட்டிக்காய்ச் சாத்துல ஊற வெச்சது. அடியில பிசின் தடவியிருக்கேன், மார்பு இறகுக்குள்ள வெச்சா ஒட்டிக்கும். வெளியில யாருக்கும் தெரியாது. வல்லூறு கிட்ட வந்தா எடுத்து ஒரே குத்து! அதோட கதை முடிஞ்சுது.”

“இதுக்கு நாங்க என்ன தரணும்?” என்று கேட்டாள் கோரை. அவள் கடுகனுக்குத் தங்கை, சருகனுக்கு அக்கா. எதையும் வெடுக்கென்று கேட்டுவிடும் குணம்.

“என்ன தாயி, துக்க வீட்டுல வந்து வியாபாரமா பேசுவேன்? காலையில நீங்க சருகைக் கிளறும்போது வெட்டுக்கிளி கிளம்புமில்லையா? முதல்ல கிளம்புறதை எனக்கு விட்டுடுங்க. விஷம் காய்ஞ்சா நானே வந்து புதுசாத் தடவித் தர்றேன்.”

முதல் முள்ளைச் சருகன்தான் எடுத்தான். பிறகு வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். கோரைகூட முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைச் செருகிக்கொண்டாள்.

தும்பை மட்டும் அசையாமல் இருந்தாள்.

“அண்ணி, நீங்க எடுத்துக்கலையா?” என்று சருகன் கேட்டான். “அண்ணன்கிட்ட ஒரு முள் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

“உங்க அண்ணன் வல்லூறைப் பார்க்கவே இல்ல, தம்பி. பின்னாலிருந்து வந்துச்சு. பார்க்காததை எப்படிக் குத்துறது? பார்த்துச் சொல்ல ஆள் இருந்திருந்தா...”

 சருகன் இறகைக் கோதுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீச்சான் அவள் பக்கம் தத்தி வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“உனக்கு வேண்டாம்னா வேண்டாம், தாயி. உன் இஷ்டம். ஆனா நாளைக்கே இந்தக் குஞ்சைத் தூக்கிட்டுப் போனா, அம்மாவாலதான் போச்சுன்னு ஊர் பேசும். அதைத் தாங்கிப்பியா?”

அந்தச் சொல் சரியான இடத்தில் தைத்தது. தும்பை பொட்டுவைக் குனிந்து பார்த்தாள். பிறகு முள்ளை எடுத்து மார்பில் செருகிக்கொண்டாள்.

அன்று முழுவதும் அவள் நிமிர்ந்தே நடந்தாள். மனதில் ஒரு தெம்பு இருந்தது உண்மை. புதரில் ஓணான் சலசலத்தால் அலகு தானாக மார்புக்குப் போனது. முன்பெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதற்கு முன்பே அலகு முள்ளைத் தொட்டது.

உச்சிக்கிளையில் யாரும் இல்லை என்பதை மதியம்தான் கவனித்தாள்.

“இன்னைக்குக் காவல் யாரு?” என்று கேட்டாள்.

“காவலா?” சருகன் சிரித்தான். “அவனவன் நெஞ்சுல அவனவன் காவல் இருக்கு, அண்ணி! எவன் பசியோட மேல போய் உட்காருவான்?”

மற்றவையும் சிரித்தன. முள் வந்த பிறகு அத்தனை பேருக்கும் வயிறு நிறைய மேய நேரம் கிடைத்திருந்தது.

மாலையில் கிளைக்குத் திரும்பினார்கள். பொட்டு வழக்கம்போல அம்மாவின் மார்புக்கு அடியில் தலையை நுழைத்தான். தும்பைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சீ, தள்ளிப் போ!” என்று அவனை அலகால் கொத்தித் தள்ளினாள். குஞ்சு கிளையின் ஓரத்துக்குச் சறுக்கி, நகத்தால் பற்றிக்கொண்டு நின்றது.

“ஏம்மா என்னைக் கொத்துற? நான் என்ன பண்ணேன்?”

 தும்பை கிளை நெடுகப் பார்த்தாள். ஒவ்வொரு குருவியும் அடுத்த குருவியை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. கழுத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. எந்த இறகுக்குள் எங்கே முள் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நேற்றுவரை காற்று நுழையாத இடைவெளிகளில் இப்போது காற்று தாராளமாகப் போய்வந்தது.

அவளுக்குத் துக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. புருசனைத் தின்றது வல்லூறு. பெற்ற பிள்ளையைக் கொத்தவைத்தது யார்?

அந்தக் கணமே அவள் கீழே பறந்தாள். முள்ளைப் பிடுங்கி, புங்கமரத்து வேருக்கடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தாள். மேலே வந்து பொட்டுவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அண்ணி பயந்துட்டாங்க!” என்றான் சருகன்.

“ஆமா, பயந்துட்டேன்” என்றாள் தும்பை. “உங்களைப் பார்த்து.”

மறுநாள் காலை எல்லாரும் மேய இறங்கினார்கள். தும்பை பொட்டுவைக் கோரையிடம் விட்டுவிட்டு உச்சிக்கிளைக்குப் போனாள்.

“இறங்கி வாங்க, அண்ணி!” என்று கோரை கூப்பிட்டாள். “இன்னைக்கு உங்க முறைகூட இல்லையே.”

“நேத்து யாருமே இல்ல, கோரை. அதுக்கும் சேர்த்து இன்னைக்கு இருக்கேன்.”

“பிடிவாதம்!” என்று கோரை சிரித்தாள். ஆனால் பொட்டுவைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. வல்லூறு இம்முறை மேலிருந்து வரவில்லை. குட்டையின் மறுகரையில் புதரோடு புதராகத் தாழ்ந்து வந்தது. உச்சியிலிருந்த தும்பைக்கு இலைகள் மறைத்தன. கீழே ஓரமாக நின்ற சருகன்தான் அதை முதலில் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கத்த நேரமும் இருந்தது.

அவன் கத்தவில்லை. குனிந்து மார்பிலிருந்து முள்ளை உருவினான். பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்துத் தன் முள்ளை உருவினான். அடுத்தவளும் உருவினாள். நொடியில் அத்தனை அலகிலும் ஒவ்வொரு முள். முள்ளைக் கவ்விய அலகு கத்துமா? தவிட்டுக்குருவிக் கூட்டம் பிறந்த நாளிலிருந்து அப்படி ஊமையாக நின்றதில்லை.

வல்லூறு அந்த மௌனத்துக்குள் சுகமாக நுழைந்து பொட்டுவின் மேல் இறங்கியது.

“வல்லூறு! வல்லூறு!” தும்பை தொண்டை கிழியக் கத்திக்கொண்டு உச்சியிலிருந்து கல்லாக விழுந்தாள். வல்லூறின் முதுகில் மோதினாள். அது பிடியைத் தளர்த்தவில்லை. தனியொரு குருவிக்கு அது ஏன் பயப்பட வேண்டும்?

“கத்துங்க! முள்ளைத் துப்பிட்டுக் கத்துங்க!”

கோரைதான் முதலில் துப்பினாள். காலடியில் முள்ளை உதறிவிட்டு, “விடுடா என் மருமகனை!” என்று கத்திக்கொண்டே வல்லூறின் முகத்துக்கு நேரே பாய்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவையும் துப்பின. ஒன்று கத்தியது, இரண்டு கத்தியது, பிறகு புங்கமரமே கத்துவதுபோல ஆயிற்று. சிறகுகள் நாலாபக்கமும் அடித்தன. வல்லூறுக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. பொட்டுவைப் போட்டுவிட்டு எழும்பிப் பறந்தது.

அந்தக் களேபரத்தில் ஒருவன் மட்டும் முள்ளைத் துப்பவில்லை. சருகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினான். சிறகு படபடத்த பக்கமெல்லாம் குத்தினான். கண்ணைத் திறந்தபோது வல்லூறு வானத்தில் இருந்தது. முள் கோரையின் விலாவில் இருந்தது.

“தம்பி...” என்றாள் கோரை. அப்போதும் அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான். “நான்டா... உங்க அக்கா...”

“வல்லூறுன்னு நெனச்சேன்!” சருகன் அலறினான். “சத்தியமா வல்லூறுன்னு நெனச்சேன்!”

கோரையின் கால்கள் விறைத்தன. குட்டைத் தண்ணீரைப் பார்த்தபடி அவள் கண்கள் நின்றுபோயின. பொட்டு அவள் அருகில் போய், “அத்தே, எழுந்திரு, அத்தே” என்று இறகைப் பிடித்து இழுத்தான்.

இவ்வளவையும் கருவேலமரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கீச்சான் மெல்லப் பறந்து வந்தான். அலகில் ஒரு முள் இருந்தது. பழையதைவிட நீளம். அதைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“நான் முதல்லயே சொல்லியிருக்கணும். அந்த முள் கொஞ்சம் சின்னது. அதான் குறி தப்பிடுச்சு. இது நல்ல நீளம். முள் மேல தப்பில்ல, பாருங்க. பிடிக்கிறவன் கவனமாப் பிடிக்கணும். அழாத, சருகா. ரெண்டு நாள் பழகினா சரியாயிடும்.”

தும்பை எழுந்து நின்றாள். அவள் உடம்பில் இறகு ஒவ்வொன்றும் சிலிர்த்து நின்றது.

“கவனமா பிடிக்கணுமா?” என்றாள். “பயத்துல நடுங்குறவன் கையில விஷத்தைக் குடுத்தியே, அவன் எங்கேயிருந்து கவனத்தைக் கொண்டுவருவான்? என் புருசன் செத்த மறுநாளே வந்தே. துக்கம் ஆறல, வந்தே. இப்போ இவ உடம்புல சூடுகூடப் போகல, அதுக்குள்ள நீளமான முள்ளோட வந்து நிக்கிற! வல்லூறு பசிக்குத்தான் கொல்லுது. அதுக்கு ஒரு குஞ்சு போதும். உனக்கு எங்க பயம் தீரவே கூடாது. பயம் தீர்ந்தா உனக்கு வெட்டுக்கிளி ஏது?”

“வாயை அடக்கிப் பேசு, தாயி! நல்லது செய்ய வந்தவனை...”

“நாங்க வாயை அடக்கினதாலதான்டா இவ செத்தா! நீ எங்க வாயை அடைச்சுட்டே! ஒரு கத்தல் போதும், எல்லாரும் பிழைச்சிருப்போம். முதல்ல பார்த்தவன் வாயில உன் முள் இருந்துச்சு!”

பிறகு அவள் சருகன் பக்கம் திரும்பினாள். அவன் குறுகினான்.

“உன்னையும் சொல்றேன், தம்பி. அன்னைக்கு நீ காவலை விட்டுட்டு ஈசலுக்கு இறங்கினே. நாங்க யாரும் கேக்கல. கேட்டிருந்தா நீ அழுதிருப்பே, நாங்க திட்டியிருப்போம், மறுநாள் நீ ஒழுங்காக் காவல் இருந்திருப்பே. அந்த ஒரு வார்த்தையைக் கேக்கச் சங்கடப்பட்டுக்கிட்டு ஆளுக்கொரு விஷத்தை நெஞ்சுல செருகிக்கிட்டோமே, நமக்கு வெக்கமே இல்லையா?”

 சருகன் தரையில் தலையைச் சாய்த்தான்.

ஏதோ ஒரு குருவி முதலில் கத்தியது. அடுத்தது கத்தியது. கூட்டம் முழுவதும் கீச்சானை வளைத்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. அவன் நீளமான முள்ளையும் போட்டுவிட்டுக் குட்டையைத் தாண்டி ஓடினான்.

ஆனால் அவன் ரொம்ப தூரம் போகவில்லை. சற்று நேரத்தில் இலுப்பைமரத்து மைனாக்களின் நடுவில் அவன் குரல் கேட்டது.

“கேட்டீங்களா சேதியை? புங்கமரத்துல கோரைன்னு ஒருத்தி, பாவம், செத்துப்போயிட்டா! முள்ளைக் கீழே போட்டுட்டு வெறும் அலகோட வல்லூறுகிட்டப் போனாளாம்! நான் எவ்வளவோ சொன்னேன்...”

மைனாக்கள் பயந்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஒரு தாய் மைனா முன்னால் வந்து, “எனக்கு ஒண்ணு குடுங்க” என்றது.

தும்பைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவளையும் இவன் விட்டுவைக்கவில்லை! அவள் பொட்டுவை மற்றவர்களிடம் ஒப்படைத்தாள். கோரையின் விலாவிலிருந்து அந்த முள்ளைப் பிடுங்கினாள். இறகும் இரத்தமும் ஒட்டியிருந்த அதைச் சுமந்துகொண்டு இலுப்பைமரத்துக்குப் பறந்தாள். அலகை நீட்டப் போன தாய் மைனாவின் முன்னால் அதைப் போட்டாள்.

“வாங்கறதுக்கு முன்னால பார்த்துக்கோம்மா” என்றாள். “இதுல ஒட்டியிருக்கிறது வல்லூறு இறகா, எங்க வீட்டு இறகான்னு.”

மைனா குனிந்து பார்த்தது. நீண்ட நேரம் பார்த்தது. பிறகு முள் வாங்காமல் தன் குஞ்சுகளிடம் திரும்பிப் போனது.

பயத்தில் நாம் ஒளித்து வைத்துக்கொள்ளும் ஆயுதம் எதிரியைத் தொடுவதற்கு முன் நம் வாயை அடைத்து, நமக்காகப் பாய்ந்து வருபவரைக் குத்திவிடும். ஒருவருக்கொருவர் விழித்திருப்பதே உண்மையான பாதுகாப்பு.