பல்லில்லாத ரம்பமும் கண்ணாடி ஆளும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு எல்லா நாடும் ஒன்றுதான்.

நீளமான கூடம், நடுவில் ஒரே ஒரு இலை. அரசருக்கு எதிரில் மனிதர் எவரும் உட்காரக் கூடாது என்பது அந்த அரண்மனை விதி. ராணிக்கு மட்டும் விலக்கு உண்டு. ராணி இருந்தவரை தினமும் சண்டை நடக்கும்.

"குழம்பில் உப்பே இல்லை!"

"உப்பெல்லாம் இருக்கிறது. உங்கள் நாக்கைத்தான் காணோம்!"

ராணி காலமானார். சண்டையும் போயிற்று.

"பரிசாரகரே, உப்பு சரியாக இருக்கிறதா?" என்று ராஜா கேட்பார்.

"அமிர்தம், மகாராஜா!" என்று கதவுக்கு வெளியிலிருந்து பதில் வரும்.

"ருசி பார்த்தீரா?"

"மகாராஜாவின் சாப்பாட்டை நான் தொடலாமா? ஆனால் அமிர்தம்!"

ஒருநாள் கடல் தாண்டி வந்த வணிகன் ஒருவன் ஒரு கண்ணாடிப் பாளத்தைக் காணிக்கையாக வைத்தான். வாசற்படி கனம். இளநீர் மாதிரி மங்கலான பச்சை. ராஜா குனிந்து பார்த்தார். உள்ளே யாரோ இருப்பதுபோலத் தெரிந்தது. பார்த்தால் அவர்தான்.

"சபையோரே, இதில் எனக்கு ஓர் ஆள் செய்து கொடுங்கள். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார வேண்டும். என்னைப் புகழக் கூடாது. என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. கண்ணாடி ஆள் மனிதனில்லையே, விதியும் உடையாது."

பண்டகசாலைத் தலைவர் மழவராயர் மட்டும் எழுந்தார். சபையில் விகடம் பேசும் இடும்பன் என்பவனை ராஜாவுக்குப் பிடிக்கும். அந்த ஒரு காரணத்தாலேயே மழவராயருக்கு அவனைப் பிடிக்காது.

"மகாராஜா, வாயாலேயே வானத்தை வளைக்கிறவன் நம் இடும்பன். இதை அவன் செய்யட்டும். பண்டகசாலையில் யானைத் தந்தம் அறுக்கும் ரம்பம் ஒன்று இருக்கிறது. வாள் தீட்டும் சாணைக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றுதான்! பாளம் உடைந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடட்டும்."

ரம்பத்தின் பல் கண்ணாடியைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். சாணைக்கல் வேகமாகச் சுற்றினால் சூட்டில் கண்ணாடி வெடிக்கும். மழவராயருக்கு இரண்டும் தெரியும்.

"அப்படியே ஆகட்டும். அமாவாசைக்குள் முடிய வேண்டும்" என்றார் ராஜா. "எதை எடுக்கிறாய், இடும்பா?"

இடும்பன் சாணைக்கல்லைச் சுற்றிவந்து பார்த்தான். "மகாராஜா, இதைச் சுற்ற ஒருவன், பிடிக்க ஒருவன் என்று இரண்டு ஆள் வேண்டும். எனக்கு ஏது இரண்டாவது ஆள்? ரம்பம்தான் ஒற்றை ஆளோடு பிழைக்கும். அதுவே போதும்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. இடும்பனும் தனி ஆள்தான், அவன் வீட்டில் அடுப்பு எரிந்து வெகுநாளாயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஆனால் 'இரண்டாவது ஆள்' என்ற சொல் அவருக்குள் எங்கேயோ போய்க் குத்தியது.

பாளத்தைப் பழைய யானைக்கொட்டிலில் இறக்கினார்கள். மழவராயர் வாசலில் நின்று காவலர்களுக்கு உரக்க ஆணையிட்டார்.

"கேட்டுக்கொள்ளுங்கள்! இந்த வேலை முடிகிறவரை இடும்பனை ஒரு மனிதனாகவே எண்ணக் கூடாது. அவனோடு பேசக் கூடாது. கை கொடுக்கக் கூடாது. இது பண்டகசாலை ஆணை!"

"ஐயா, ஒரு வாய்த் தண்ணீர்..." என்றான் இடும்பன்.

காவலர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

இடும்பன் ரம்பத்தைக் கண்ணாடி ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். 'டிக்' என்று ஒரு மூலை தெறித்தது.

"கடிக்காதேடி, கண்ணு! நீ கடித்தால் அது முறைத்துக்கொள்கிறது பார்" என்றான் ரம்பத்திடம். பேச வேறு ஆள் இல்லை. "ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் என் பேச்சைக் கேட்க யார் இருக்கிறார்கள்? இங்கேயாவது என்னைத் திட்ட நாலு பேர் இருக்கிறார்கள்."

யோசித்தான். ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய் கொட்டிலின் கருங்கல் படியில் தேய்த்தான். பல் ஒவ்வொன்றாக மழுங்கி, கடைசியில் ரம்பம் வெறும் தகடாகிவிட்டது. எட்டிப் பார்த்த மழவராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருந்த பல்லையும் பிடுங்கிவிட்டானே, பைத்தியக்காரன்!"

இடும்பன் கண்ணாடிமேல் ஈர மணலைப் போட்டு, பல்லில்லாத தகட்டை அதன்மேல் வைத்து மெல்ல இழுத்தான். கர்ர்... கர்ர்... மணல்தான் தேய்த்தது, தகடு மணலை நடத்திக்கொண்டு போனது. மயிரிழை அளவு ஒரு பள்ளம் விழுந்தது.

ஆனால் மணல் காயக் கூடாது. காய்ந்தால் சூடு, சூட்டில் வெடிப்பு. இரண்டு கையாலும் இழுத்தால்தான் தகடு நேராகப் போகும். தண்ணீர் விட மூன்றாவது கை இல்லை. ரம்பமும் ஒற்றை ஆளோடு பிழைக்காது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவன் இழுப்பான், நிறுத்துவான், ஊற்றுவான், மறுபடி இழுப்பான். இந்த வேகத்தில் அமாவாசை என்ன, அடுத்த ஆடிக்கும் முடியாது.

உச்சிவேளை. கூடத்தில் ராஜா முதல் கவளத்தை எடுத்தார். கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம். சாப்பிடும்போது வேறு ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலம்! இலையை விட்டு எழுந்து கொட்டிலுக்கு வந்தார்.

"என்ன சத்தம் இது, இடும்பா?"

இடும்பன் தலை தூக்கவில்லை. "தண்ணீர்!"

"என்ன?"

"பேச நேரமில்லை, காயுது! அந்த மூக்குக் கெண்டியை எடுங்க. பெருசா ஊத்தாதீங்க, மணல் ஓடிப்போகும்! சொட்டு சொட்டா... ஆங், அப்படி."

ராஜா மறுபடி கையை இலையில் வைக்கவில்லை. கெண்டியைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் சாப்பாட்டையே கொட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். இடக்கையில் கெண்டி, வலக்கையில் சோற்று உருண்டை.

"நீ சாப்பிட்டாயா?"

"கை முழுக்கக் கண்ணாடித் தூள், மகாராஜா. சோற்றைத் தொட்டால் வயிறு கிழியும்."

ராஜா ஒரு உருண்டையை அவன் வாயில் வைத்தார். இடும்பன் மென்றான்.

"உப்பு இல்லை."

கெண்டியிலிருந்து சொட்டு நின்றது.

"தண்ணீர், மகாராஜா! காயுது!"

சொட்டு மறுபடி விழுந்தது. ராஜா கேட்டார். "இப்போது அறுப்பது ஆளின் எந்தப் பாகம்?"

"உட்காரும் பாகம். உட்காரத் தெரிந்தால்தானே ஆள்?"

அமாவாசை வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் சபையே கூடி நின்றது. இடும்பன் இரண்டு கண்ணாடிப் பலகைகளைக் கொண்டுவந்தான். நடுவில் நேராக அறுத்து ஓரம் வழுவழுவென்று தேய்த்தவை. ராஜாவின் இலைக்கு முன் ஒன்று, அதற்கு எதிரில் ஒன்று போட்டான். எதிர்ப்பலகையில் தானே உட்கார்ந்தான்.

"அடே! ராஜாவுக்கு எதிரில் ஒரு மனிதன் உட்கார்வதா?" என்று கத்தினார் மழவராயர். "கண்ணாடி ஆள் எங்கேடா?"

"மழவராயர் ஐயா, வாசலில் நின்று என்ன ஆணையிட்டீர்கள்? வேலை முடிகிறவரை இடும்பன் மனிதனில்லை என்றீர்களே! மகாராஜா பார்த்து 'முடிந்தது' என்று சொன்னால்தான் வேலை முடிந்த கணக்கு. அதுவரை இங்கே உட்கார்ந்திருப்பது மனிதன் இல்லை."

"அப்படியானால் கண்ணாடி?"

இடும்பன் தலையை ஒரு உலுக்கு உலுக்கினான். மயிரிலும் தாடியிலும் புருவத்திலும் காய்ந்து ஒட்டியிருந்த கண்ணாடித் தூள் மின்னிக்கொண்டு கொட்டியது. "பாளத்தில் தேய்ந்தது முழுக்க இங்கேதான் இருக்கிறது. மகாராஜா, இந்தக் கண்ணாடி ஆள் உங்களைப் புகழ்ந்ததா?"

"பெரிசாக ஊற்றாதே என்று அதட்டியது."

"உங்களிடம் ஏதாவது கேட்டதா?"

"தண்ணீர் கேட்டது. அதுவும் தனக்கில்லை, கண்ணாடிக்கு" என்ற ராஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடம் அதிரச் சிரித்தார். ராணி போனபின் அந்தக் கூடம் கேட்ட முதல் சிரிப்பு. மழவராயர் யாரும் பார்க்காதபடி தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என்ன பரிசு வேண்டும், இடும்பா? கேள்!"

"கேட்கக் கூடாதே, மகாராஜா. உங்கள் நிபந்தனை."

ராஜா கதவுப் பக்கம் திரும்பினார்.

"பரிசாரகரே, இன்னொரு இலை போடும். இன்றைக்கு மட்டுமில்லை, தினமும். இடும்பா, போய்க் குளித்துவிட்டு வா."

"குளித்தால் மனிதனாகிவிடுவேனே! விதி?"

"வேலை முடிந்தது. விதியும் முடிந்தது. மனிதனாகவே வந்து உட்கார்."

குளித்துவிட்டு வந்தான். இரண்டு இலையிலும் குழம்பு விழுந்தது. ராஜா பிசைந்தார், சாப்பிடவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?"

"உப்பு கூடுதல், மகாராஜா."

"உப்பெல்லாம் சரியாக இருக்கிறது! உன் நாக்கைத்தான் காணோம்!" என்று ராஜா சிரித்தார். சிரித்த கண்ணிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார்.