வெண்கலக் கெண்டி

முன்பொரு காலத்தில் மருதங்குறிச்சிச் சீமையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவனுக்கு மந்திரி பூதலிங்கன். பூதலிங்கன் தன் அண்ணன் சடையனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, பழைய ராஜா காலத்தில், பெரிய ஏரியின் கரைமேல். கரை நிற்க ஓர் உயிர் வேண்டும் என்றார்கள். அப்பா அரண்மனை வெண்கலக் கெண்டியைச் சாய்த்து, மகனைத் தாரை வார்த்தார். "கெண்டியை நேராப் பிடிங்கப்பா, கை நடுங்குது" என்றான் அண்ணன். பூதலிங்கன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது வருஷம் கழித்து அதே கரை விரிசல் விட்டது. மழை விடவில்லை. அரண்மனையில் அப்போதுதான் பதினெட்டு நாள் புராணக் கதை முடிந்திருந்தது. புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த ராஜா, தகப்பன் சொல்லுக்காகச் சிம்மாசனத்தை விட்டுக் காட்டுக்குப் போன இளவரசன் என்று கேட்டுக் கேட்டு விசயகண்டனுக்கும் ஆசை மூண்டது.

"நம் பேரையும் நாலு பேர் இப்படிச் சொல்ல வேண்டாமா?"

படைத்தலைவன் அச்சுதப்பனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "இதைவிட நல்ல வேளை வருமா மகாராஜா? கரைக்கு ஓர் உயிரைக் கொடுங்கள். மந்திரி தடுப்பார். அவர் வீட்டில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அந்தப் பேர் இன்னொருவருக்குப் போவதைப் பொறுப்பாரா?"

சபை சிரித்தது. ஏரி மடையைத் திறந்து மூடும் மடைக்காரன் மாயழகைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"உனக்குச் சம்மதமா?" என்று மந்திரி அவனைத் தனியே கேட்டார்.

"ஏரி உடைஞ்சா கீழே ஏழு ஊர் போயிடும் சாமி. என் பொண்டாட்டி புள்ளையும் அங்கதான் இருக்காங்க."



மறுநாள் கரைமேல் மாயழகு மாலையோடு நின்றான். ராஜா அதே கெண்டியைத் தூக்கினான்.

"ஒரு கேள்வி மகாராஜா" என்றார் மந்திரி. "தன்னுடையதைத்தான் தாரை வார்க்கலாம். இவன் யாருடையவன்?"

"குடிகள் எல்லாரும் ராஜாவின் பிள்ளைகள். இதுகூடவா தெரியாது?" என்றான் அச்சுதப்பன்.

"அப்படித்தானா மகாராஜா?"

"அதிலென்ன சந்தேகம்? என் பிள்ளைதான்."

"அப்படியானால் நாவிதனைக் கூப்பிடச் சொல்லுங்கள்."

"எதற்கு?"

"பிள்ளையைக் கொடுத்த தகப்பன் தலையை மழித்து ஒரு வருஷம் துக்கம் காக்க வேண்டும். என் அப்பா காத்தார். தலைப்பாகை கட்டவில்லை, கோயில் படி மிதிக்கவில்லை. உங்கள் கிரீடமும் செங்கோலும் அதுவரை இன்னொருவரிடம் இருக்கும். யாரிடம் என்று சொல்லிவிட்டு நீரை ஊற்றுங்கள்."

ராஜா வாயெடுக்கும் முன்பே அச்சுதப்பன் ஓரடி முன்னால் வந்தான். "ஒரு வருஷம்தானே. நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா மெல்லத் திரும்பினான்.

"உடனே சொல்லிவிட்டாயே. எத்தனை நாளாக நினைத்திருந்தாய்?"

அச்சுதப்பன் ஓரடி பின்வாங்கினான். ராஜா கெண்டியைக் கீழே இறக்கினான்.

"பூதலிங்கா, கதையில் கேட்ட ராஜாக்கள்..."

"ஒருவர் தன் தசையைக் கொடுத்தார். ஒருவர் தன் சிம்மாசனத்தைக் கொடுத்தார். அடுத்தவன் உயிரை யாரும் கொடுக்கவில்லை மகாராஜா."

"நான் எதைக் கொடுப்பது?"

"முதுகைக் கொடுங்கள். கரைக்கு மண் வேண்டும்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு முதல் கூடையைத் தலையில் ஏற்றினான். இரண்டாவது கூடையை அச்சுதப்பன் தலையில் தானே தூக்கி வைத்தான். ராஜாவே சுமக்கிறார் என்று கேட்டு ஏழு ஊரும் மண்வெட்டியோடு வந்தது. விரிசல் எங்கே, எவ்வளவு ஆழம் என்று காட்டியவன் மாயழகு. நாலாம் நாள் கரை நின்றது.

"என்ன வேண்டும், கேள்" என்று ராஜா மந்திரியிடம் சொன்னான். அவர் அந்தக் கெண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஏரிக்கரையில் இருப்பது ஒரே ஒரு நடுகல். அது சடையனுடையது.