தொடாதே என்று எழுதிய வரிகள்

முத்துக்குளிப்புக் கணினி விளையாட்டு ஒன்று இருந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் என்றோ எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்று இணையத்தில் பொதுவாக விட்டது. தூத்துக்குடியில் ஆமினா அதைப் பராமரித்து வந்தாள். கப்பல் ஏஜென்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மச்சாது, அவளிடம் நிரல் கற்க வந்து சேர்ந்தார். அவருடைய மகளைவிட அவள் சின்னவள். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில், இலவச மென்பொருள் தொகுப்பு ஒன்றை நடத்துபவர்களிடமிருந்து தகவல் வந்தது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரின் புதிய பதிப்பில் விளையாட்டு உருவாகவில்லை. சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் தொகுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

மச்சாதுவுக்குக் கை பரபரத்தது. பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்தார். நிரல்களைச் சேர்த்து விளையாட்டாக்கித் தரும் கட்டளைகள் அதில்தான் இருந்தன. நடுவே, ஏதோ பழைய சவுண்ட் கார்டுக்காகச் சில வரிகள். மேலே ஒரு குறிப்பு: 'தொடாதே. காரணம் இருக்கிறது.'

அந்த இடத்தில்தான் எல்லாம் நின்றது.

அவர் தொடவில்லை. சுற்றிலும் முட்டுக் கொடுத்தார். கம்பைலரை ஏமாற்ற ஒரு போலிக் கோப்பு, அதைத் தாங்க இன்னொன்று. ஒரு பிழை போனால் வேறொன்று முளைத்தது. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பெரிய மூளைக்காரர் ஒருவரின் ரகசியத்தைத் தான் காவல் காப்பதாகவே அவருக்குப் பட்டது.

"டீச்சர், இதுக்கு என்னதான் காரணம்?"

"தெரியாது அண்ணே. இதுவரைக்கும் அது வழியை மறிச்சதில்லை."

"அப்ப யாரைக் கேக்கிறது?"

"எழுதினவரை."

மச்சாது நிமிர்ந்தார். "இருக்காரா?"

"தென்காசியில செடி நர்சரி வச்சிருக்கார். கோமதிநாயகம்னு பேரு." அழைத்து, போனை அவரிடம் நீட்டினாள்.

மச்சாது தொண்டையைச் செருமிக்கொண்டு குறிப்பை வாசித்துக் காட்டினார். எதிர்முனையில் சிரிப்புக் கிளம்பியது.

"அது இன்னுமா இருக்கு? ஹாஸ்டல்ல என்கிட்ட ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் இருந்துச்சு சார். அதுல மட்டும் சத்தம் வராது. அதுக்காகப் போட்டது. ரூம்மேட் கைய வச்சிருவான்னு அப்படி எழுதினேன். கம்ப்யூட்டர் அப்பவே காயலான் கடைக்குப் போயிருச்சு."

பிறகு குரல் மாறியது. "விளையாட்டு இன்னும் ஓடுதா சார்?"

"சாயங்காலம் ஓடும்," என்றார் மச்சாது.

அந்த வரிகளை அழித்தார். தான் கொடுத்த முட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒலிக்கென்று புதிதாகச் சில வரிகள் எழுதி, பில்டை ஓடவிட்டார். திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஏறின. எங்கும் நிற்கவில்லை. குளியாள் 'தொபுக்'கென்று கடலில் குதித்த சத்தம் கேட்டபோது, மச்சாது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

அனுப்பினார்கள். விளையாட்டு தொகுப்பிலேயே நீடிக்கும் என்று இருட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

மச்சாதுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தான் எழுதிய வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், இதுக்கு மேல என்ன குறிப்பு போடட்டும்? இனி ஒருத்தரும் இதைக் கலைச்சிடக் கூடாது," என்றார்.

ஆமினா குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"என்னைக்காவது இதை அழிக்கப்போறவங்களுக்குச் சிரமமில்லாம எழுதியிருக்கீங்களா அண்ணே?"